ஜன்னல் ஒளிராத களிமண் வீடு: பாலிமர் கிளேக்குள் எல்இடி வைப்பது எப்படி

ஜாம் பாட்டிலைச் சுற்றிப் பாலிமர் கிளே (சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்) ஒட்டி ஒரு குட்டி வீடு செய்திருக்கிறீர்கள். ஜன்னல்களுக்கு டிரான்ஸ்லூசென்ட், அதாவது ஒளி ஓரளவு ஊடுருவும் கிளே. பேட்டரி டப்பாவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஃபேரி லைட் சரத்தை (குட்டி எல்இடி பல்புகள் கோத்த கம்பி) உள்ளேயே விட்டு, கூரையையும் மூடி, ஓடிஜியில் (சிறிய மின் அடுப்பு) சுட்டிருக்கிறீர்கள். வெளியே எடுத்தால் ஜன்னல் பழுப்பேறிக் கிடக்கிறது, சரத்தில் பாதி எரியவில்லை, எரிகிற பாதியின் வெளிச்சமும் ஜன்னலை விட்டுவிட்டு வெளிர்மஞ்சள் சுவர் வழியாகக் கசிகிறது. எந்த பிராண்ட் டிரான்ஸ்லூசென்ட் வாங்கினால் இது சரியாகும் என்பது உங்கள் கேள்வி. பிராண்டுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் கடைசிப் பங்கு. உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியவை மூன்று: வெளிச்சம் எந்த வழியாக வரவேண்டும் என்பதை எப்போது முடிவு செய்வது, அந்த வழியில் கிளே எவ்வளவு கனம் இருக்கலாம், விளக்கு எப்போது உள்ளே போகவேண்டும். ஒளியின் பாதையை முதலில் வரைய வேண்டும். விளக்கைக் கடைசியில் வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டும் தலைகீழாக நடந்திருக்கின்றன.

பாதி எரியாமல் போனதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் சந்தேகமே இல்லை. சாதாரண எல்இடியைத் தயாரிப்பவர்கள் வேலை செய்யும் வெப்பநிலையாக 85 டிகிரி அளவையும், சும்மா வைத்திருப்பதற்கு 100 டிகிரி அளவையும்தான் குறிப்பிடுகிறார்கள். பற்றவைக்கும்போது 260 டிகிரி தாங்குகிறதே என்று கேட்பீர்கள். அது எல்இடியின் கம்பிக் காலில் மட்டும், சில விநாடிகளுக்கு. கிளே சுடுவது பிராண்டைப் பொறுத்து 110 முதல் 150 டிகிரியில், அரை மணியோ அதற்கு மேலோ. அந்தச் சூட்டில் எல்இடியை மூடியிருக்கும் எபாக்சி இளகி விரிகிறது; அதற்குள் இருக்கும், முடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பி அறுந்துவிடுகிறது. 'நான் எல்இடியோடு சேர்த்தே சுட்டேன், இன்னும் எரிகிறது' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்லவில்லை. சில எல்இடி தப்பிக்கும். எது தப்பிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. தப்பித்ததும் ஆயுள் குறைந்துதான் எரியும். உங்கள் சரத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். செத்த பல்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சூடுதான் காரணம். ஓர் இடத்துக்குப் பிறகு மொத்தமும் இருட்டு என்றால் அந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது. இந்தச் சரங்களில் இரண்டு செப்புக் கம்பிகளுக்கு நடுவே பல்புகள் இணையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் இப்படிப் பிரித்துச் சொல்ல முடியும்.

பேட்டரியை வெட்டி எடுத்தது நல்ல காரியம். பட்டன் பேட்டரியோ வேறு எந்த பேட்டரியோ ஓடிஜிக்குள் போகவே கூடாது. வெடிக்கும். சாதாரண வயரின் பிளாஸ்டிக் உறையும் 130 டிகிரியில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். சுடும்போது உள்ளே ஏதாவது வயர் இருந்தே ஆகவேண்டும் என்றால் சிலிக்கான் உறை போட்ட வயர் வாங்குங்கள், அது 200 டிகிரி வரை தாங்கும். ஆனால் வயரே வேண்டாம், வயர் போக வழி மட்டும் விட்டால் போதும் என்பதுதான் என் கட்சி. பழுதானால் விளக்கை மாற்ற முடியாத அலங்காரப் பொருள் ஒன்றிரண்டு வருடத்தில் வெறும் பொம்மையாகிவிடும்.

பாட்டில் வீட்டுக்கு மிகச் சுலபமான தீர்வு, பாட்டிலைக் கவிழ்த்து வைப்பது. வாய் கீழே, அடிப்பாகம் மேலே. மூடிதான் வீட்டின் தரை. கூரையை அடிப்பாகத்தின் மேல் நிரந்தரமாகக் கட்டிக்கொள்ளலாம். விளக்கு வாய் வழியாக எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகும், வெளியே வரும். தகர மூடியில் வயர் நுழைய 4 மி.மீ. ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பு வயரை அறுக்காதபடி ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிடுங்கள். வீட்டைச் சுற்றித் தோட்டம், படிக்கட்டு என்று கிளே சேர்க்கிறீர்கள் என்றால் அது மூடியின் திருகலைத் தொடாமல் ஒரு விரல் மேலே நிற்கட்டும். மூடியைக் கழற்றிவிட்டுச் சுடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பூச்சு சூட்டில் நாறும்.

இனி ஒளி. பாலிமர் கிளே என்பது பிவிசி பொடியும் அதை இளக்கமாக வைத்திருக்கும் ஒரு எண்ணெய்ப் பொருளும் சேர்ந்தது. இந்த எண்ணெய்ப் பொருளை பிளாஸ்டிசைசர் என்பார்கள். சூட்டில் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணைகின்றன. டிரான்ஸ்லூசென்ட் வகையில் நிறமி கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஒளி கொஞ்சம் ஊடுருவும். கண்ணாடி போல ஊடுருவாது; உள்ளே சிதறிச் சிதறித்தான் வெளியே வரும். அதனால் கனம்தான் எல்லாம். 1 மி.மீ. கனத்தில் பட்டர் பேப்பர் போல ஒளிரும். 3 மி.மீ. ஆனால் தேன் நிறத்தில் மங்கும். 6 மி.மீ.க்குப் பின்னால் சின்ன எல்இடி வைத்தால் உள்ளே விளக்கு இருக்கிறது என்று நீங்களாகச் சொன்னால்தான் தெரியும். ஜன்னலுக்கு 0.8 முதல் 1.2 மி.மீ. வரை போதும். கீழே கண்ணாடி தாங்குவதால் உடையும் என்ற பயம் வேண்டாம். கிளேயைச் சீரான தகடாக்கும் பாஸ்தா மெஷின் இல்லையென்றால் பழைய ஏடிஎம் அட்டைகளை இரண்டு பக்கமும் வைத்து ரோலரை அவற்றின் மேல் உருட்டுங்கள். அட்டையின் கனம் சுமார் 0.76 மி.மீ.; ஓர் அட்டைக்கு ஒரு ஜன்னல் கனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறம் சேர்க்கும்போது கை தாராளமாக இருக்கக்கூடாது. நூறு பங்கு டிரான்ஸ்லூசென்ட்டுக்கு ஒரு பங்கு நிறக் கிளே, மிஞ்சினால் இரண்டு. சுடுவதற்கு முன் நிறமே ஏறாத மாதிரி இருக்கும். சுட்டபின் தெளியும்போது நிறம் எழும்பி வரும். வெள்ளைக் கிளேயைத் துளிகூடச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியைத் தடுப்பதற்கென்றே இருக்கும் பொருள். முத்து மினுமினுப்பு உள்ளவையும் அப்படித்தான், அந்த மைக்காத் தகடுகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் திரை. கடையில் 'பேர்ல்' என்று எழுதிய கட்டியை வாங்கி ஜன்னலுக்கு வைத்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

உங்கள் சுவர் ஒளிர்வதற்கும் இதே கணக்குதான் காரணம். வெள்ளை, சந்தன நிறம், வெளிர்மஞ்சள் போன்றவை 3 மி.மீ. கனத்திலும் இருட்டறையில் ஒளியை விட்டுக்கொடுக்கும். நிறுத்த இரண்டு வழி. சுவருக்கு அடியில் 1 மி.மீ.க்குக் கறுப்போ அடர்பழுப்போ ஒரு படை போடலாம். அதைவிட நல்லது அலுமினிய ஃபாயில்: பாட்டிலின் மேல் ஃபாயிலைச் சுற்றி, ஜன்னல், கதவு இடங்களை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு அதன் மேல் சுவரைக் கட்டுவது. ஃபாயில் ஒளியைத் தடுப்பதோடு உள்ளே திருப்பியும் விடுவதால் ஜன்னல்கள் கூடுதல் பிரகாசமாகும். வழவழப்பான ஃபாயிலில் கிளே பிடிக்காது. ஒருமுறை லேசாகக் கசக்கி விரித்து, மேலே மெல்லிய ஃபெவிகால் பூச்சு கொடுத்து, அது காய்ந்து நிறமற்றுப் போனபின் கிளேயை அழுத்துங்கள். ஜன்னல் திறப்பைச் சுற்றி ஃபாயிலை 2 மி.மீ. உள்ளடங்க வெட்டினால் சுட்டபின் வெள்ளி விளிம்பு எட்டிப் பார்க்காது.

வெறும் கண்ணாடி வரும் ஜன்னல் இடங்களிலும் இதே ஃபெவிகால்தான், ஆனால் மிக மெல்லிய பூச்சு. முதலில் பாட்டிலின் லேபிள் பசையை எண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு சோப்பு, அதன் பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட். விரல் ரேகை ஒன்று கண்ணாடியில் இருந்தாலும் பின்னாலிருந்து விளக்கு போட்டதும் தெரிந்துவிடும். கிளேக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று அடைபட்டால் சூட்டில் விரிந்து கொப்புளமாக எழும்பும். தகட்டை ஒரு ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டே போங்கள். அப்படியும் குமிழ் நின்றால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றி விரலால் தடவிவிடுங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: 8 செ.மீ. விட்டம், 12 செ.மீ. உயரமுள்ள பாட்டிலின் சுற்றுச்சுவர் ஏறக்குறைய 300 சதுர செ.மீ.; 3 மி.மீ. கனம் வைத்தால் 57 கிராம் கட்டி மூன்று பிடிக்கும். கூரைக்கு இன்னும் இரண்டு. ஜன்னல்களுக்கு அரைக் கட்டி டிரான்ஸ்லூசென்ட்டே போதும், அதிலும் மிச்சமாகும். கூரையைக் கிளேயால் முழுதாக நிரப்பாமல் கசக்கிய ஃபாயிலில் கூம்பு செய்து மேலே கிளே போர்த்தினால் காசும் மிச்சம், சுடுவதும் சீராக இருக்கும்.

டிரான்ஸ்லூசென்ட்டை எடுக்குமுன் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அழுக்கு ஒரு காரணம்: சட்டை நூலிழை, தலைமுடி, முன்பு உருட்டிய சிவப்புக் கிளேயின் பிசிறு எல்லாம் விளக்கு போட்டதும் நிழலாக விழும். ஈரம் இன்னொன்று. சுட்டபின் உள்ளே பிறை வடிவத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். கிளேயில் புகுந்த ஈரமும் நுண்ணிய காற்றும்தான் காரணம் என்று பெரும்பாலான கைவினைஞர்கள் சொல்கிறார்கள். முழுதாகத் தீர்ந்த விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்; அதே கையால், அதே நாளில், ஒரு கட்டியில் வரும், இன்னொன்றில் வராது. காய்ந்த கை, புதுக் கட்டி, மடித்து மடித்துக் காற்றைச் சேர்க்காமல் பிசைவது ஆகிய மூன்றும் திட்டுகளைக் குறைக்கும். பிராண்டுக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். சில பிராண்டுகளில் திட்டு அதிகம் வரும், சிலவற்றில் மஞ்சள் சாயல் அதிகம். செர்னிட், பார்டோ ஆகியவற்றின் டிரான்ஸ்லூசென்ட் தெளிவாக இருக்கும் என்பது பரவலான அனுபவம். பிரீமோவில் இரண்டு வகை உண்டு. 'ஒயிட் டிரான்ஸ்லூசென்ட்' என்று எழுதியது மஞ்சள் குறைவாக வரும். கையில் ஏற்கெனவே இருக்கும் கட்டி மஞ்சளடிக்கிறது என்றால், ஊதாவோ நீலமோ குண்டூசித் தலையளவு ஒரு முழுக் கட்டியில் பிசைந்துவிடுங்கள், மஞ்சள் அடங்கும்.

பழுப்புக்கு வருவோம். கட்டியின் உறையில் போட்டிருக்கும் வெப்பநிலைதான் சட்டம்: ஃபிமோ 110, பிரீமோ 130, கேட்டோ 150 டிகிரி. நேரம் 6 மி.மீ. கனத்துக்கு அரை மணி. ஓடிஜியின் திருகில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். சிறிய ஓடிஜிகளில் கம்பி சிவந்து எரியும்போது ஒரு சூடு, அணைந்தபின் ஒரு சூடு என்று 20, 30 டிகிரி ஏறி இறங்குவது சகஜம்; 130ல் வைத்தால் நடுவில் 160ஐத் தொட்டுவிட்டு வரும். உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பொருளுக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் வையுங்கள். அடியில் ஒரு தரை டைல் வைத்தால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். மேல்கம்பியின் நேரடி அனல்தான் டிரான்ஸ்லூசென்ட்டுக்கு முதல் எதிரி. அதனால் பொருளைத் தொடாமல் ஃபாயிலால் ஒரு கூடாரம் போட்டு மூடுங்கள். மேல்கம்பியை அணைத்துக் கீழ்கம்பி மட்டும் ஓடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. அதிலேயே கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும்) வசதி இருந்தால் அது மட்டும் ஆகும்.

உங்கள் ஜன்னல் எந்த அளவு பழுத்திருக்கிறது என்பது பார்க்காமல் சொல்வது கஷ்டம். லேசான தேன் நிறம் என்றால் அது டிரான்ஸ்லூசென்ட்டின் குணமாகவும் இருக்கலாம், வார்ம் ஒயிட் விளக்கின் நிறமாகவும் இருக்கலாம். 3000 கெல்வின் விளக்கு வெள்ளைக் காகிதத்தையே மஞ்சளாகக் காட்டும். கூல் ஒயிட் சரம் ஒன்றைப் பின்னால் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளேயைக் குறை சொல்லுங்கள். டீ நிறம், ஓரத்தில் கறுப்பு, சுடும்போது மூக்கை அரித்த வாசனை என்றால் சூடு நிச்சயம் எல்லை தாண்டியிருக்கிறது. பிவிசி 175, 180 டிகிரியை நெருங்கும்போது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அப்படி வாசனை வந்தால் ஸ்விட்சை அணைத்து, அறை ஜன்னலைத் திறந்து, ஆள் வெளியே வந்துவிடவேண்டும். என்ன ஆயிற்று என்று ஓடிஜிக் கதவைத் திறந்து குனிந்து பார்க்கக்கூடாது. சரியான சூட்டில் சுடும்போது இந்தப் பிரச்சினை இல்லை. சமையலுக்கும் அதே ஓடிஜிதான் என்றால் கிளே சுடும்போது உணவு எதுவும் உள்ளே வேண்டாம், பொருளை மூடிய தட்டில் வைத்துச் சுடுங்கள். தனி ஓடிஜி வேண்டுமா, வேண்டாமா என்பதில் கைவினைஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. அடிக்கடி செய்கிறவர்களுக்கு நான் தனியாக வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

வெளிர் நிறங்களும் டிரான்ஸ்லூசென்ட்டும் ஒவ்வொரு முறை அடுப்பேறும்போதும் கொஞ்சம் பழுக்கும். பாலிமர் கிளேயை எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி சுடலாம் என்பது உண்மைதான், ஆனால் நிறத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே வரிசை இப்படி: முதலில் சுவரும் கூரையும், ஜன்னல் இடம் காலியாக, ஒரு சூடு. பிறகு செடி, படி, கதவு போன்ற மேல்வேலை, இன்னொரு சூடு. ஜன்னல் டிரான்ஸ்லூசென்ட்டை கடைசிச் சூட்டில் மட்டும் வையுங்கள். ஜன்னலுக்குத் திரவக் கிளேயும் வைக்கலாம். கண்ணாடியின் மேல் ஜன்னல் சட்டத்துக்குள் அரை மி.மீ.க்கு ஊற்றிப் பல்குச்சியால் பரப்பினால் வர்ணக் கண்ணாடி மாதிரி வரும். நிறத்துக்கு ஆல்கஹால் இங்க் ஒரு துளி கலந்தால், கலந்தபின் சில மணி நேரம் திறந்து வைத்து ஆல்கஹால் பறந்தபின் சுடவேண்டும். அவசரப்பட்டால் முழுக்க நுரைக் குமிழ்தான்.

கண்ணாடி உள்ளே இருப்பதால் இரண்டு விஷயம் மாறுகிறது. குளிர்ந்த ஓடிஜியில் வைத்து, கண்ணாடியும் ஓடிஜியும் சேர்ந்து சூடேறட்டும். தெர்மாமீட்டர் குறித்த எண்ணைத் தொட்டபின்தான் அரை மணிக் கணக்கு தொடங்குகிறது. முடிந்ததும் கதவை மூடியபடியே ஆறவிடுங்கள். டிரான்ஸ்லூசென்ட்டைச் சூடாக எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டால் தெளிவு கூடும் என்று படித்திருப்பீர்கள். இதழ், இலை போன்ற தனித் துண்டுகளுக்கு அது பலிக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிய பொருளை ஐஸ் தண்ணீரில் போட்டால் பாட்டில் வெடித்துச் சிதறும். கிளே ஆறும்போது சற்றே சுருங்கும், கண்ணாடி அந்த அளவு சுருங்காது. அந்த இழுவிசைதான் ஜன்னலின் கூரிய மூலைகளில் மயிரிழை விரிசலாக வருகிறது, சில சமயம் சுட்ட இரண்டு மூன்று நாள் கழித்து. மூலைகளைப் பென்சில் முனையளவாவது வளைவாக வெட்டுங்கள், சுவரின் கனம் ஓரிடத்தில் 1, இன்னோரிடத்தில் 4 என்று மாறாமல் பாருங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள். விரிசல் பெரும்பாலும் அரைவேக்காட்டின் விளைவு. சரியான சூட்டில் 45 நிமிடம் வைப்பதால் எதுவும் கெடாது. வந்துவிட்ட விரிசலில் அதே நிறக் கிளேயைத் திரவக் கிளேயோடு குழைத்துத் திணித்து, மேலே வழிந்ததைத் துடைத்து, மறுபடி சுடலாம்.

பாட்டில் இல்லாமல் காளான் விளக்கு, மலர் விளக்கு என்று போகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். காளான் குடையை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தின் முதுகில் சோளமாவு தடவி, 1.5 மி.மீ. தகடாகப் போர்த்திச் சுடுங்கள், ஆறியதும் கழன்றுவிடும். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பகலில் பளிச்சென்று இருக்கும் வெள்ளைப் புள்ளி, உள்ளே விளக்கு போட்டதும் கரும்புள்ளியாகிவிடும், ஏனென்றால் அந்த இடத்தில்தான் ஒளி மறிக்கப்படுகிறது. புள்ளி ஒளிரவேண்டும் என்றால் குடையில் ஓட்டை வெட்டி, நிறம் சேர்க்காத டிரான்ஸ்லூசென்ட் வில்லையை அதே கனத்தில் பொருத்தவேண்டும். எந்த வேலையானாலும் சுடுவதற்கு முன் போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். சுடாத கிளேயில் ஒளி குறைவாகத்தான் தெரியும். ஆனால் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும், கையால் தடவிச் சரிசெய்யவும் அதுதான் நேரம்.

தண்டுக்குள் வழி விட 3 மி.மீ. எஃகுக் கம்பியில் சோளமாவு தடவி, அதைச் சுற்றித் தண்டை உருட்டி, கம்பியோடு சுட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே திருகி உருவிவிடுங்கள். முழுதாக ஆறிவிட்டால் பிடித்துக்கொள்ளும். 5 மி.மீ. எல்இடியின் அடி விளிம்பு 5.8 மி.மீ. இருக்கும், எனவே அது உட்காரும் குழியை 6 முதல் 6.5 மி.மீ. வரை விடுங்கள். வளைந்த தண்டு என்றால் மெல்லிய சிலிக்கான் குழாயை உள்ளேயே விட்டுவிடலாம், அது சூட்டைத் தாங்கும். கண்ணாடி போலத் தெளிந்த தலையுள்ள சாதாரண எல்இடி டார்ச் போல ஒரே இடத்தில் பாய்ந்து குடையின் உச்சியில் கண்ணைக் கூசும் வட்டம் போடும். அதன் தலையை 400 எண் உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள், அல்லது தலை தட்டையான 'ஸ்ட்ரா ஹாட்' வகை வாங்குங்கள், அது சுமார் 120 டிகிரி கோணத்துக்குப் பரவி அடிக்கும். பாட்டில் வீட்டுக்குள் சரத்தை அப்படியே குவித்தால் ஜன்னலில் புள்ளி புள்ளியாகப் பல்பு தெரியும். பட்டர் பேப்பரைக் குழலாகச் சுருட்டிப் பாட்டிலுக்குள் விட்டு, சரத்தை அந்தக் குழலுக்குள் விடுங்கள்.

மின்சாரக் கணக்கு எளிதுதான். கடையில் வாங்கிய சரத்தை அதற்கென்று வந்த டப்பாவோடோ யுஎஸ்பி முனையோடோ ஓட்டுங்கள், எதையும் மாற்றவேண்டாம். தனி எல்இடி என்றால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தேவை. தரும் வோல்ட்டிலிருந்து எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, ஓடவேண்டிய ஆம்பியரால் வகுத்தால் எத்தனை ஓம் என்று கிடைக்கும். வெள்ளை, நீல எல்இடிக்கு 3.1, சிவப்புக்கு 2 வோல்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 5 வோல்ட் சார்ஜரில் வெள்ளை எல்இடிக்கு 20 மில்லியாம்பியர் என்றால் 95, கடையில் கிடைப்பது 100 ஓம். ஆனால் காளானுக்கு அவ்வளவு வெளிச்சம் கண்ணை உறுத்தும். 5 மில்லியாம்பியரே போதும், 390 ஓம் போடுங்கள். மூன்று காளான் என்றால் மூன்று ரெசிஸ்டர். ஒன்றை வைத்து மூன்றுக்கும் பகிர்ந்தால் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கியும் எரியும். மூன்று ஏஏ பேட்டரியில் 4.5 வோல்ட், 10 மில்லியாம்பியருக்கு 150 ஓம், மூன்று எல்இடி எரிந்தால் நல்ல அல்கலைன் பேட்டரி 60 மணி நேரத்துக்குக் குறையாமல் வரும். சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவே 220 மில்லியாம்பியர்-மணி அளவுதான், முதல் சில மணி நேரம் பளிச்சென்று எரிந்துவிட்டு மங்கத் தொடங்கும். அதோடு குழந்தை உள்ள வீட்டில் அதன் டப்பா ஸ்க்ரூ போட்டு மூடுவதாக இருக்கவேண்டும். விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். பவர் பேங்க்கில் மாட்டி, சில நிமிடத்தில் தானே அணைந்துவிடுகிறது என்று குழம்புகிறவர்கள் உண்டு. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருப்பதால் போன் கழற்றப்பட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. சார்ஜரில் மாட்டுங்கள்.

எல்இடிக்குப் பதில் ஜீரோ வாட் பல்பு வைக்கலாமா என்றால், பழைய இழை பல்பு பெயரில்தான் ஜீரோ. 12 முதல் 15 வாட் வரை எடுத்துச் சூடாகும். 230 வோல்ட்டைக் கையால் செய்த பொம்மைக்குள் கொண்டுபோவதும் வேண்டாத வேலை. கூரை மூடிய கிளே வீட்டுக்குள் நெருப்பு விளக்கு, டீலைட் மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். மெழுகுவர்த்தியின் மேலனல் சில அங்குலம் வரை கிளேயைக் கருக்கப் போதுமானது.

ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் இரண்டு எச்சரிக்கை. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையின் ஆவி பக்கத்துக் கண்ணாடியில் வெள்ளைப் புகையாகப் படியும். ஜன்னல் அருகில் இரண்டு டியூப் எபாக்சிதான் நல்லது. சுடாத கிளேயை பேட்டரி டப்பாவின் மேல் வைத்து அளவு பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள், அதிலுள்ள பிளாஸ்டிசைசர் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். மிச்சக் கிளேயை வைக்கும் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பாருங்கள், அது பாலிப்ரொப்பிலீன், பயமில்லை. சென்னை வெயிலில் மாடி அறை அலமாரி கிளேக்கு ஏற்ற இடமல்ல. மாதக்கணக்கில் சூடு பட்டால் உறைக்குள்ளேயே பாதி வெந்து இறுகிவிடும். பூச்சுக்குத் தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் வார்னிஷ் போடுங்கள். நெயில் பாலிஷும் பல ஸ்ப்ரே வார்னிஷ்களும் பூசும்போது அழகாக இருந்துவிட்டு, வாரக்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும், ஏனென்றால் அவற்றின் கரைப்பான் கிளேயின் மேற்பரப்பையே இளக்கிவிடுகிறது. ஜன்னலை 600, 1000, 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலே மெல்லிய வார்னிஷ் கொடுத்தால் தெளிவு கண்கூடாக ஏறும். பஜ்ஜி எண்ணெய் பட்ட காகிதத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிவதும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான்: காற்று இருந்த நுண்ணிய இடைவெளிகள் நிரம்பிவிட்டால் ஒளி அங்கே சிதறுவது குறைகிறது.

இப்போது கையில் இருக்கும் வீட்டைத் தூக்கிப் போடவேண்டாம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள கோட்டில் வெட்டினால் திறந்துவிடும், ஆனால் ஆறிய கிளேயில் பிளேடை அழுத்தாதீர்கள், பிளேடு நழுவிக் கையில் ஏறும். கிளேயின் பிராண்டுக்கு ஏற்ற சூட்டில் பத்து நிமிடம் ஓடிஜியில் வைத்து, கையுறை போட்டு எடுங்கள். சூடாக இருக்கும்போது சுட்ட கிளே ரப்பர் போல வளையும், பிளேடு எளிதாக இறங்கும். கூரையைத் தூக்கிச் செத்த சரத்தை எடுத்துவிடுங்கள். அதே சூட்டிலேயே பழுப்பு ஜன்னல்களின் விளிம்பைக் கீறி நெம்பினால் கண்ணாடியிலிருந்து உரிந்து வரும்; ஃபெவிகால் மிச்சத்தை முழுதாக ஆறியபின் வெந்நீர்த் துணியால் துடைக்கலாம். சுவர் கசிவுக்கு வெளியே எதுவும் செய்யமுடியாது, உள்ளே செய்யலாம்: பாட்டில் வாய் வழியாகக் கறுப்பு அட்டைக் குழல் ஒன்றை உள்ளே விட்டு, ஜன்னல்களுக்கு நேரே மட்டும் அதில் திறப்பு வெட்டிவிடுங்கள். ஜன்னல்களுக்கு 1 மி.மீ. புது டிரான்ஸ்லூசென்ட் வைத்து, ஃபாயில் கூடாரத்துக்குள், தெர்மாமீட்டர் பார்த்து ஒரே ஒரு சூடு. கூரையை இந்த முறை ஒட்டாமல், அடியில் கிளேயால் ஒரு வளையம் கட்டிப் பாட்டில் வாய்க்குள் மூடி போல உட்காரும்படி செய்துவிட்டால், புதுச் சரம் அந்த வழியாகவே போய்வரும்.